விமானப் பயிற்சிப் பள்ளிகள்: காவிரிப் படுகையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜனவரியில் தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்குச் சுகோய்-30 படைப்பிரிவு வந்து சேர்ந்தது. அதன்பிறகு தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரத்துப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பது கூடியிருக்கிறது. கூடவே பெற்றோர்களின் கேள்விகளும். நிலத்தை விற்றாவது பிள்ளையைப் பைலட் ஆக்க நினைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இந்தப் பள்ளிகள் எப்படி வளர்ந்தன, பாடத்திட்டத்தில் ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அந்தப் பாடங்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் விழுந்து இறந்த பிறகு சேர்க்கப்பட்டவை.

முதல் பள்ளிகளை நடத்தியது ராணுவமா, தனியாரா?

தனியார்தான். விமானம் செய்து விற்றவர்களே ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். 1909-ல் வில்பர் ரைட் பிரான்சின் போ நகரில் மாணவர்களைப் பழக்கினார். 1910-ல் ஆர்வில் ரைட் அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் பள்ளி வைத்தார். பிளெரியோவின் பள்ளியும் போ நகரில் இருந்தது. பிளெரியோ விமானத்தில் ஒருவர்தான் உட்கார முடியும், ஆசிரியருக்கு இடமே கிடையாது. அதனால் பிரெஞ்சுப் பள்ளிகளில் இறக்கையை வெட்டிக் குறுக்கிய விமானத்தில் மாணவனை ஏற்றித் தரையிலேயே நேராக ஓட வைத்தார்கள். பறக்க முடியாததால் அதற்குப் 'பென்குயின்' என்று பெயர். அதில் கோணாமல் ஓடத் தெரிந்தவனுக்குத்தான் முழு இறக்கை விமானம்.

ராணுவம் பின்னால் வந்தது. 1912-ல் இங்கிலாந்தின் உபாவன் என்ற ஊரில் மத்தியப் பறப்புப் பள்ளி தொடங்கியது. அங்கே ராணுவத்துக்கென்று ஒரு பாடத்திட்டம் உருவானது.

'ஸ்பின்' என்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, அது ஏன் அவ்வளவு முக்கியம்?

பயிற்சிப் பள்ளி வரலாற்றையே இரண்டாகப் பிரித்த விஷயம் அது. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் அளவைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகிவிடும். தூக்கும் விசை சரிந்துவிடும். இதுதான் ஸ்டால். இஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டால் ஆகும் நேரத்தில் மூக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் ஓர் இறக்கை மற்றதைவிட அதிகமாக ஸ்டால் ஆகி, விமானம் பம்பரம்போலச் சுழன்றபடி இறங்கும். அது ஸ்பின்.

முதல் உலகப் போருக்கு முன் ஸ்பின்னில் மாட்டியவர்கள் அநேகமாக இறந்தார்கள். 1912 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வில்ஃப்ரட் பார்க் என்ற கடற்படை அதிகாரி மாட்டினார். மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்துப் பார்த்தார், பயனில்லை. கடைசியில் சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை, காலால் இயக்குவது) முழுவதும் மிதித்தார். தரைக்குச் சற்று மேலே விமானம் நிமிர்ந்தது. அவர் எப்படித் தப்பினார் என்பது அச்சில் வந்தது. ஆனாலும் பள்ளிகள் அதைப் பாடமாக்கவில்லை. ஸ்பின்னைத் தவிர் என்று சொன்னார்களே தவிர, மாட்டினால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

1917-ல் ராபர்ட் ஸ்மித்-பாரி என்பவர் காஸ்போர்ட் என்ற இடத்தில் அதை மாற்றினார். அவர் செய்தவை மூன்று. மாணவனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, இரட்டைக் கட்டுப்பாடு பொருத்திய ஆவ்ரோ 504 விமானத்தில் ஆசிரியரைப் பயணி இருக்கைக்கு மாற்றினார். இருவரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் வைத்தார். அது இன்றும் 'காஸ்போர்ட் குழாய்' என்றே அழைக்கப்படுகிறது. மூன்றாவதாக, ஸ்பின், குறுக்குக் காற்றில் இறங்குதல் போன்ற ஆபத்துகளை ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே வேண்டுமென்று உண்டாக்கி, அதிலிருந்து மீளப் பழக்கினார். பயம் அறியாமையிலிருந்து வருகிறது என்பது அவர் கணக்கு. இன்று உலகெங்கும் உள்ள பள்ளிகள் அந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

மீளும் முறை பெரும்பாலான பயிற்சி விமானங்களுக்கு இப்படி: த்ராட்டிலை (இஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுவதும் குறை. எய்லரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) நடுவில் வை. சுழற்சிக்கு எதிர்ப்பக்கச் சுக்கானை முழுவதும் மிதி. குச்சியை முன்னால் தள்ளு. சுழற்சி நின்றதும் சுக்கானை நடுவுக்குக் கொண்டுவந்து, பாய்ச்சலிலிருந்து மெதுவாக மேலே எடு. தவறு நடப்பது இரண்டு இடங்களில். மூக்கு கீழே பார்க்கிறதே என்று குச்சியை இழுப்பார்கள். ஒரு பக்கம் சாய்கிறதே என்று எய்லரானைத் திருப்புவார்கள். இரண்டும் இயல்பாக வரும் கை அசைவுகள், இரண்டும் ஸ்பின்னை இறுக்கும். உங்கள் விமானத்தின் கையேடு வேறு வரிசை சொன்னால் கையேடு சொல்வதுதான் சரி.

இதை ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் பழகலாம். ஆனால் உயிர் போவது இறங்கும்போது, ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசி வளைவில். 60 டிகிரி சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் ஸ்டால் வேகம் 41 விழுக்காடு கூடும். நேராகப் பறக்கையில் 48 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் அப்போது 68 நாட்டிலேயே ஸ்டால் ஆகிவிடும். மாணவன் 65 நாட்டில் இறங்கிக்கொண்டிருப்பான். ஓடுபாதையைத் தாண்டிவிட்டோம் என்று பதறி இழுத்துத் திருப்பினால் மீள உயரம் இல்லை. தாண்டிவிட்டால் த்ராட்டிலைக் கொடுத்து மேலே போய், மறுபடி ஒரு சுற்று வர வேண்டும். அதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

இந்தியாவில் முதல் பள்ளி எது?

ராணுவப் பள்ளி 1913-14-ல் ஐக்கிய மாகாணத்து (இன்றைய உத்தரப் பிரதேசம்) சீதாப்பூரில் அமைந்தது. போர் தொடங்கியதும் மூடப்பட்டு, ஆட்கள் எகிப்துக்கு அனுப்பப்பட்டார்கள். (சென்னைப் பக்கம் அதற்கும் முன்பே விமானம் பறந்துவிட்டது. 1910-ல் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர் உள்ளூரில் செய்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அது காட்சி, பள்ளியல்ல.)

பொதுமக்களுக்கான பயிற்சி 1920-களின் கடைசியில் ஃப்ளையிங் கிளப்புகளோடு வந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, கராச்சி, பிறகு சென்னை. பம்பாயில் பயின்ற ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10 அன்று உரிமம் பெற்றார். சர்லா துக்ரால் 1936-ல் லாகூரில் ஜிப்சி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 21.

விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று உருவானது. ஆனால் அதன் முதல் பைலட்டுகள் இங்கே பயிலவில்லை, இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயின்றார்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடம் சொந்த மண்ணில் இல்லாத படையாகத்தான் அது தொடங்கியது.

தஞ்சாவூர் ஓடுபாதை பழைய பயிற்சிப் பள்ளியா?

இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானியர் வங்கக் கடல் வழியாக வரக்கூடும் என்ற அச்சத்தில் தமிழ்நாட்டில் பல இடங்களில் ஓடுபாதை போட்டார்கள். தஞ்சாவூர், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, சோழவரம், கயத்தாறு எல்லாம் அந்த வரிசை. கடற்கரையைக் காவல் காக்கத் தொண்டர் பைலட்டுகளைக் கொண்ட பிரிவுகள் அமைந்தபோது முதலாவது சென்னையில்தான் அமைந்தது. கிளப்புகளில் பொழுதுபோக்காகவும் பிழைப்புக்காகவும் கற்றவர்கள் போருக்குப் பயன்பட்டது அப்படித்தான். தஞ்சாவூர் தளம் 2013 மே மாதத்தில் முறையாக இயங்கத் தொடங்கியது. அது போர் விமானத் தளம், அங்கே யாரும் சேர்ந்து கற்க முடியாது.

போர்க்காலத்தில் ஒரு பையனை எப்படிப் பைலட் ஆக்கினார்கள்?

படிப்படியாக. முதலில் லாகூர் வால்டனில், பின்னர் பூனாவில் தரைப் பாடம். அடுத்து பேகம்பேட்டை அல்லது ஜோத்பூரில் தொடக்கப் பறப்புப் பள்ளி, அங்கே டைகர் மாத் என்ற பயிற்சி விமானம். தேறியவர்கள் அம்பாலாவுக்குப் போய்க் கனமான விமானம் பழகினார்கள். பிறகு ரிசால்பூர் போன்ற இடங்களில் போர் விமானத்தோடு கடைசிக் கட்டம். விமானத்தின் கனமும் வேகமும் படிக்குப் படி கூடும், எந்தப் படியிலும் கழித்துவிடுவார்கள். இன்றைய விமானப்படைப் பயிற்சியின் எலும்புக்கூடு இதுதான்.

டைகர் மாத்துக்கு 130 குதிரைத்திறன் இஞ்சின், சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் இஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஓட்டுவது எளிது, நன்றாக ஓட்டுவது கடினம். சுக்கானைச் சரியாக மிதிக்காதவனை உடனே காட்டிக்கொடுக்கும். அதனாலேயே நல்ல பள்ளி விமானம்.

கனடாவில் நடந்தது இன்னும் பெரிது. 1939 டிசம்பரில் ஒப்பந்தமான காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்தில் 1,31,553 பேர் தேறினார்கள். அமெரிக்கா கல்லூரிகளையும் தனியார் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டு 1944-க்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பழக்கியது.

சிமுலேட்டர் எப்போது வந்தது?

எட்வின் லிங்க் 1929-ல் செய்தார். அவர் குடும்பத்துக்கு ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை இருந்தது. காற்றுத் துருத்தியை வைத்து ஒரு மரக் காக்பிட்டை (விமானி உட்காரும் கூண்டு) சாயவும் திரும்பவும் வைத்தார். ஆர்மோனியத்தின் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை உடனே விளங்கும். முதலில் அதைக் கண்காட்சி விளையாட்டாகத்தான் வாங்கினார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டப் பொறுப்பேற்று, பனியிலும் மேகத்திலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாமல் சில வாரங்களுக்குள் பல பைலட்டுகளை இழந்தது. அதே ஆண்டு லிங்க் கருவிகளை வாங்கியது.

மேகத்துக்குள் காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உணர்வு ஏமாற்றும். நேராகப் பறக்கிறோம் என்று உடல் சொல்லும், விமானம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். கருவியை நம்பு, உடம்பை நம்பாதே என்பதைத் தரையில் பழக்க இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு?

பெரிய பங்கு, ஆனால் பலருக்குத் தெரியாது. விமானப்படையின் ஆசிரியர்களைப் பழக்கும் பள்ளி 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. நாட்டின் எந்த மூலையில் ஒரு கேடட் முதல் முறை குச்சியைப் பிடித்தாலும், அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தாம்பரத்தில் தேறியிருப்பார். நாற்றங்கால் சரியில்லாமல் நடவு சரியாக வருமா? நன்றாக ஓட்டுபவர் எல்லாம் நன்றாகக் கற்பிப்பவர் அல்லர். மாணவன் தவறு செய்யும்போது எத்தனை நொடி விட்டுப் பார்ப்பது, எப்போது கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வது என்பது தனிக் கலை.

விமானங்களைப் பொறுத்தவரை, டைகர் மாத்தின் இடத்துக்கு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம்) செய்த எச்.டி.-2 வந்தது. அது 1951-ல் முதலில் பறந்தது. ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் விமானப்படை அகாடமி 1971-ல் இயங்கத் தொடங்கியது. அடுத்து வந்த தீபக் என்ற எச்.பி.டி.-32 விமானத்தில் பறக்கும்போது இஞ்சின் நின்றுபோகும் கோளாறு தொடர்ந்து, உயிர்ப்பலிகளும் நேர்ந்ததால் 2009-ல் தரையிறக்கி வைத்தார்கள். 2013-ல் சுவிஸ் நாட்டுப் பிலாட்டஸ் பி.சி.-7 வரும்வரை தொடக்க மாணவர்களும் அடுத்த கட்டத்துக்கான கிரண் ஜெட்டிலேயே பழகினார்கள். அரிச்சுவடிக்கு முன் செய்யுள் படிக்க வைப்பதுபோன்ற நிலை அது.

சிவில் பக்கம் 1948-ல் அலகாபாத்தில் பயிற்சி மையம் வந்தது. 1985-ல் ரேபரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் இந்திரா காந்தி அகாடமி உருவானது. விமான நிலையங்களில் புதிய பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கும் திட்டத்தில் 2022-ல் சேலமும் சேர்ந்தது.

விமானப்படையா, சிவில் பள்ளியா? எது நல்லது?

பணத்தை மட்டும் பார்த்தால் ஒப்பிடவே முடியாது. விமானப்படையில் கட்டணம் இல்லை. சிவில் பள்ளியில் எல்லாம் சேர்ந்து அரைக் கோடியைத் தொடும், தாண்டவும் செய்யும்.

விமானப்படைக்குப் பிளஸ் டூ முடித்து என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) வழியாகவோ, பட்டம் முடித்து சி.டி.எஸ்., ஏ.எஃப்.சி.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வுகள் வழியாகவோ போகலாம். என்.சி.சி. விமானப் பிரிவில் சி சான்றிதழ் இருந்தால் தனி வழியும் உண்டு. இருபாலரும் சேரலாம். பெண் பைலட்டுகள் 1994 முதலும், போர் விமானத்தில் 2016 முதலும் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை: உயரம் குறைந்தது 162.5 செ.மீ., கால் நீளம் 99 முதல் 120 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. காக்பிட்டிலிருந்து வெளியே எறியும் இருக்கையில் முழங்கால் இடிக்காமல் இருக்கத்தான் இந்தக் கடைசி அளவு. பைலட் திறன் தேர்வை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுதலாம், தவறினால் மறுவாய்ப்பு இல்லை. எனவே காய்ச்சலோடும் தூக்கமில்லாமலும் போய் உட்காராதீர்கள்.

சிவில் வழிக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். பாடம் விட்டுப்போனவர்கள் தனித்தேர்வராக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடி போட்டிருந்தாலும் பெரும்பாலும் தடையில்லை. பணம் கட்டும் முன் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். கட்டிய பிறகு மருத்துவத்தில் தள்ளப்பட்டால் அந்த இழப்பை யாரும் ஈடுகட்ட மாட்டார்கள்.

200 மணி நேரம் என்கிறார்களே, அதற்குள் என்ன இருக்கிறது?

வணிக உரிமமான சி.பி.எல்.லுக்கு டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) கேட்கும் மொத்த மணி அது. முன்பு 250 இருந்தது. அதில் 100 மணி நேரம் நீங்களே விமானத்தின் தலைவராக ஓட்டியிருக்க வேண்டும். அந்த நூறில் 15 மணி, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போவது 20 மணி. அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி நின்று போக வேண்டும். கருவிப் பறப்பு 10 மணி, அதில் பாதிவரை சிமுலேட்டரில் செய்யலாம். இரவில் 5 மணி, 10 ஏற்றம், 10 இறக்கம். எழுத்துத் தேர்வுகளில் 70 விழுக்காடு எடுக்க வேண்டும்.

லாக்புக்கில் (பறந்த நேரத்தைக் குறிக்கும் ஏடு) எழுதும் ஒவ்வொரு நிமிடமும் உண்மையாக இருக்க வேண்டும். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியலும் பறக்காத மணிகளும் வெளிவந்து, நாடு முழுவதும் உரிமங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். பறக்காத மணியை எழுதித் தருகிறோம் என்று சொல்லும் பள்ளியை விட்டு அன்றே வெளியேறுங்கள்.

நம் பக்கத்து வானிலை பயிற்சிக்கு ஏற்றதா?

ஆண்டில் பெரும்பகுதி ஏற்றது, ஆனால் மாதத்துக்கு மாதம் வேறு பாடம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நாள்களைத் தின்றுவிடும். மார்கழி, தைக் காலையில் வயல்மேல் பனிமூட்டம், அதோடு போகிப் புகை. சித்திரை, வைகாசி மதியத்தில் வெப்பம். திருச்சி ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 290 அடிதான், ஆனால் 40 டிகிரி வெயிலில் காற்று மெலிந்து, விமானத்துக்கு 3,300 அடி உயர மலையில் ஏறுவதுபோல ஆகிவிடும். ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். நீண்ட ஓடுபாதை இதை மறைத்துவிடும், குட்டை ஓடுபாதையில்தான் தெரியவரும்.

ஆடிக்காற்றுதான் உண்மையான ஆசிரியர். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று பிற்பகலில் வலுக்கும். ஓடுபாதை 270 டிகிரியில், அதாவது மேற்கு நோக்கி இருக்க, காற்று 240 டிகிரியிலிருந்து 25 நாட்டில் வீசினால் விமானத்தைக் குறுக்கே தள்ளும் கூறு 12.5 நாட். செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானத்தின் கையேட்டில் காட்டிய அளவு 12, செஸ்னா 172-க்கு 15. அன்று 152-ஐ எடுக்காமலிருப்பதே சரி. காலை ஏழு மணிக்குள் பறப்பது நல்லது.

ஈரப்பதம் இன்னொரு பிரச்சினை. பாதி நிரம்பிய தொட்டியில் இரவில் நீர் கோத்து எரிபொருளில் சேரும். பறந்து முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். காலையில் ஒவ்வொரு வடிகாலிலும் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஏவ்காஸ் (விமானப் பெட்ரோல்) நீல நிறம், நீர் அடியில் குமிழாக நிற்கும். குப்பி முழுவதும் நிறமற்று இருந்தால் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், அது முழுவதும் நீராகவே இருக்கலாம்.

வயல்மேல் இஞ்சின் நின்றால்?

முதலில் மூக்கை இறக்கிச் சறுக்கு வேகத்தை (இஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகம்) பிடியுங்கள், பிறகுதான் இடம் தேடுவது. நடவு முடிந்த நீர் வயல் மேலிருந்து மெத்தைபோலத் தெரியும், சக்கரம் சேற்றில் சிக்கினால் விமானம் குப்புறக் கவிழும். தரிசு அல்லது அறுவடை முடிந்து காய்ந்த தாள் வயல்தான் தேட வேண்டியது. வரப்புக்குக் குறுக்கே இறங்காமல் வரப்பு ஓடும் திசையிலேயே, முடிந்தவரை காற்றை எதிர்த்து இறங்குங்கள். பம்புசெட் இருந்தால் மின்கம்பி இருக்கும். கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள். வேறு வழியில்லாமல் சேற்றில்தான் என்றால், கதவைத் தாழ் நீக்கி வைத்து, ஃப்ளாப்பை (வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகை) முழுவதும் இறக்கி, குறைந்த வேகத்தில் மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி தொடுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்பது?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், ஹேங்கரை (விமானக் கொட்டகை) பாருங்கள். எத்தனை விமானம் இருக்கிறது என்பதல்ல கேள்வி. இன்று எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 100 மாணவர்களுக்கு 200 மணி வீதம் 20,000 மணி வேண்டும். 10 விமானத்தில் 6 பறந்து, ஒவ்வொன்றும் மாதம் 80 மணி ஓடினால் மாதத்துக்கு 480 மணி. எல்லாரையும் முடிக்க மூன்றரை ஆண்டு ஆகும். விளம்பரத்தில் 18 மாதம் என்று போட்டிருந்தால் இந்தக் கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காத்திருப்பு நீண்டால் கடைசி 6 மாத 15 மணி விதியால் மறுபடி காசு கொடுத்துப் பறக்க நேரும்.

விமானம் 100 மணி பறந்ததும் செய்யும் பராமரிப்புச் சோதனையை அங்கேயே செய்கிறார்களா, வெளியூருக்கு அனுப்புகிறார்களா? ஆசிரியர்கள் எத்தனை பேர், கடந்த ஓராண்டில் எத்தனை பேர் விலகினார்கள்? விடுதியில் தங்கியிருக்கும் மூத்த மாணவர் ஒருவரிடம், கடந்த மாதம் எத்தனை மணி பறந்தாய் தம்பி என்று தனியாகக் கேளுங்கள். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்ட எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.